இம்மானுவேல் திருப்பித் தராத லைன்

சென்னையிலிருந்து வந்து இறங்கிய ஸ்டீவன், அண்ணன் முகத்தைப் பார்த்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டான். அடுத்த சொட்டு வருவதற்குள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜீவிய சரித்திரம் எழுத உட்கார்ந்துவிட்டான். சொர்ணலதா சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொழுந்தன் மேல் அவளுக்கு என்றைக்குமே நல்ல எண்ணம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தரம் காமயகவுண்டன்பட்டிக்கு வருவான். திராட்சைப் பெட்டிகளை ஓசியில் காரில் ஏற்றிக்கொள்வான். புறப்படும்போது எல்லாரையும் முழங்காலில் நிற்க வைத்து நீளமாக ஒரு ஜெபம் பண்ணுவான். திராட்சைக்கு விலை அதுதான்.

அந்தச் சபையில் அடக்க ஆராதனை என்றால், பிரசங்கத்துக்கு முன்னால் இறந்தவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசித்தாக வேண்டும். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, உத்தியோகம், கல்யாணம் எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள் வரும். முன்பகுதியை யாரும் காதில் வாங்குவதில்லை. இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் ஆலயம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதில் பெயர் வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை. வராவிட்டால் இல்லை. பிற்பாடு அதைத் திருத்த வழி கிடையாது, ஏனென்றால் ஒருத்தருக்கு ஒரு சாவுதான்.

"பிள்ளைக பேரெல்லாம் எழுதிட்டீகளா தம்பி?" என்று கேட்டாள் சொர்ணலதா.

"எழுதிட்டேன் மதினி. வினோத்ராஜ், அவன் சம்சாரம், பேரன் இனியன்."

"மூத்தவ?"

ஸ்டீவன் பேனாவை மூடினான். இந்தக் கேள்விக்குக் காரில் வரும்போதே பதில் தயார் பண்ணி வைத்திருந்தான் போல. "அண்ணன் சொல்லாத பேரை நான் எப்படி சபையில வாசிக்கிறது? லைனை வாங்கினது அவுக. திருப்பிக் குடுக்காமலே போயிட்டாக. இதுல நீங்களும் நானும் கை வைக்கலாமா மதினி?"

மகன் வினோத்ராஜ் பக்கத்தில் நின்றான். அவன் தரையைப் பார்த்தான். அப்பா இருந்தபோதும் அவன் தரையைத்தான் பார்த்தான்.

லைன், திருப்பிக் கொடுப்பது என்ற பேச்செல்லாம் அந்த வீட்டு ஆட்களுக்கு அத்துப்படி. மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமென்றால் பெட்டிக்குள் கிடந்த இம்மானுவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இம்மானுவேல் கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் கால் படாத ஊர் இல்லை. ஆடிக் காற்றில் புளியமரம் முறிந்து கம்பிமேல் விழுந்தால் ஜீப்பில் முதல் ஆளாகப் போவார். ஆட்கள் போஸ்ட்டில் ஏறுவதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஏறுகிறவன் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுவார். ஏறுகிறவன் எந்த மதத்து ஆளாக இருந்தாலும் அதே ஜெபம்தான். லஞ்சம் என்று ஒரு டீ கூடக் குடித்தது கிடையாது. வீட்டிலும் குறை சொல்ல முடியாது. காலையில் அவர்தான் எழுந்து காப்பி போட்டு சொர்ணலதாவை எழுப்புவார். பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிபாரத்தை அவரே இஸ்திரி போடுவார். சாயங்காலம் ஜெபம் முடியாமல் அடுப்பில் சோறு இறக்கக் கூடாது, அது ஒன்றுதான் கெடுபிடி. நல்ல மனுஷன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் சொர்ணலதா என்றைக்கோ சண்டை போட்டிருப்பாள். நல்ல மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவர் வேலையில் லைன் கிளியர் என்று ஒரு முறை உண்டு. கம்பியில் கை வைக்கப் போகிறவன் ஆபீஸில் சொல்லி, கரண்டை நிறுத்தி, அந்த லைனைத் தன் பெயரில் வாங்கிக்கொள்வான். வேலை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, வாங்கினவனே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கரண்டு விடலாம். வேறொருத்தன் வந்து "முடிஞ்சிருச்சு, விடுங்க" என்றால் செல்லாது.

எல்லாரும் அனுசரிக்கிற முறைதான். ஆனால் இம்மானுவேல் அதை வேதவசனம் மாதிரி பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலையடிவாரத்தில் ஒரு லைனை பாண்டியராஜன் என்கிற லைன்மேன் வாங்கியிருந்தார். பொழுது சாய்கிற நேரம். கீழே நின்ற இன்னொருத்தன் போன் போட்டு "எல்லாரும் எறங்கிட்டாக சார்" என்றான். இம்மானுவேல் நம்பிவிட்டார். கரண்டு விடச் சொன்னார். பாண்டியராஜன் இன்னும் மேலேதான் இருந்தார்.

விசாரணை நடந்தது, ஏதோ தண்டனை கொடுத்தார்கள், அதுவும் முடிந்தது. இம்மானுவேலுக்கு மட்டும் முடியவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேக்கும் சேலையும் எடுத்துக்கொண்டு தேவாரம் என்ற ஊருக்குப் பஸ் ஏறுவார். பாண்டியராஜன் சம்சாரம் மொக்கம்மாள் வாசலில் போய் நிற்பார். மொக்கம்மாள் லேசுப்பட்ட பொம்பிளை இல்லை. "வந்துட்டியா? என் புருஷனை முழுங்கிட்டு கேக்கு கொண்டாந்தியாக்கும்?" என்று தெருவே கேட்க ஆரம்பித்தால் வாய் வலிக்கிற வரைக்கும் வைவாள். இவர் தலையைக் குனிந்தபடி அத்தனையும் வாங்கிக்கொள்வார். கேக்கை அவள் வாங்கிக்கொள்வாள், அது வேறு. வீட்டுக்குத் திரும்பி வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அதன்பின் லைன் கிளியர் விஷயத்தில் ஒரு துளி விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு தடவை, திராட்சை பிஞ்சு பிடிக்கிற நேரம், லைனை நிறுத்தியிருந்ததால் மோட்டார் ஓடாமல் சுருளிவேல் என்கிற விவசாயியின் தோட்டம் வாடியது. லைனை வாங்கின ஆள் சைக்கிள் பஞ்சராகி வழியில் நின்றான். வேலை முடிந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். சுருளிவேல் ஆள் திரட்டி வந்து ஆபீஸ் வாசலில் நின்று, அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டினார். இம்மானுவேல் நாற்காலியை விட்டு அசையவில்லை. அந்த ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து தன் வாயால் சொன்ன பிறகுதான் கரண்டு வந்தது. இப்படிச் சம்பாதித்த விரோதம் பள்ளத்தாக்கு நெடுக உண்டு.

ஆபீஸோடு அது நின்றிருந்தால் சொர்ணலதா கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பாள். மனுஷன் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

மூத்த மகள் திரிஷா அப்பாவைப் போலவே எலக்ட்ரிகல் படித்தாள். உத்தமபாளையத்தில் கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்த ரியாசுதீனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அவர் மதத்தில் அவர் இருப்பார், என் மதத்தில் நான் இருப்பேன், பதிவுக் கல்யாணம் என்றாள். ரியாசுதீன் யாரோ எவரோ இல்லை. "அந்தத் தம்பி கட்டுன காயில் கருகாது" என்று இம்மானுவேலே விவசாயிகளை அந்தக் கடைக்கு அனுப்பி வைத்தவர்தான். காயில் கட்டக் கொடுக்கலாம், மகளைக் கொடுக்க முடியாது.

அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்: "இந்த வீட்டுக்கும் உனக்கும் இருக்கிற லைனை நான் கட் பண்ணிட்டேன். திருப்பிக் குடுக்கிறதா இருந்தா நானேதான் குடுப்பேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது." கடைசி வாக்கியத்தை சொர்ணலதாவைப் பார்த்துச் சொன்னார்.

சொர்ணலதா கை வைக்கவில்லை. அதுதான் அந்தக் குடும்பம் பண்ணின தப்பு. போஸ்ட்டில் ஏறுகிறவன் உயிருக்காக வைத்த முறையைப் பெற்ற பிள்ளைக்கும் போட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு இவள் போகவில்லை. பேத்தி பிறந்த செய்தியை மீன்காரி சொல்லித்தான் கேள்விப்பட்டாள். உத்தமபாளையம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்க்காமல் மடியில் இருக்கிற பையைப் பார்த்தாள். ஒரு தடவை துணிந்து புருஷனிடம் கேட்டாள், மகளைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றிக் கேட்பது போல: "லைனை வாங்கினவருக்கு திடீர்னு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா என்னங்க பண்ணுவீக?" அவர் யோசிக்கவே இல்லை. "அடுத்த பொறுப்புல இருக்கிறவன் தானே நேர்ல போகணும். கண்ணால பார்க்கணும். அப்புறம் தன் பொறுப்புல குடுக்கணும்," என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

அப்படிப்பட்டவர் காலைக் காப்பியைக் குடித்துவிட்டு நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். பாவி மனுஷன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை.

போதகர் வந்தபோது சொர்ணலதா அவரிடமும் கேட்டுப் பார்த்தாள். அவருக்கு வம்பு வேண்டாம். "குடும்ப விஷயம்மா, நான் என்ன சொல்ல? ஐயா மனசுக்குள்ள மகளை மன்னிச்சிருப்பாங்க," என்றார்.

"மனசுக்குள்ள குடுத்தா கரண்டு வராதுங்கய்யா," என்றாள் சொர்ணலதா. போதகர் வேதாகமத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

பெட்டியை எடுக்கிற நேரத்துக்கு மொக்கம்மாள் வந்தாள். தேவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தள்ளாத வயசு, ஆனால் வாய் தள்ளாடவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "போயிட்டியா? வர்ற கிறிஸ்துமஸுக்கு நான் யாரை வையிறது?" என்று அதட்டினாள். அப்புறம் சொர்ணலதா பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் மக எங்கத்தா?"

"ஆலயத்து கேட்டுல நிக்கிறாளாம். வீட்டுக்கு வரல."

"ஏன் வரல?"

"அவுக வரவிடல. சாகிற வரைக்கும் விடல," என்றாள் சொர்ணலதா. அடக்கி வைத்திருந்த ஆத்திரம் முழுக்க அதில் வந்தது.

மொக்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். "எவளோ ஒருத்தி வாசல்ல வருஷம் தப்பாம வந்து நின்னு வசவு வாங்குனான் இந்த மனுஷன். பெத்த மக வாசலுக்கு ஒரு நடை போகலையா?"

"போகல."

"நீ போனியா?"

சொர்ணலதா பெட்டிமேல் கிடந்த மாலையைச் சரிபண்ண ஆரம்பித்தாள்.

"அப்ப என்னத்துக்கு எல்லாத்தையும் செத்தவன் தலையில கட்டுறே?" என்று சொல்லிவிட்டு மொக்கம்மாள் எழுந்து, காப்பி கொடுக்கிற பக்கம் போனாள்.

சுருக்கென்று தைத்தது. புருஷன் மேலேயும் கொழுந்தன் மேலேயும் இருந்த கோபத்துக்கு நடுவில் அவள் தன்னைப் பற்றி நினைத்துப் பார்த்ததே இல்லை. பெட்டியோடு ஆலயத்துக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஆலயத்தின் வெளிக்கேட்டருகே ரியாசுதீனுடைய குட்டியானைச் சரக்கு வண்டி நின்றது. பின்னால் காயில் கட்ட வந்த மோட்டார் ஒன்று கிடந்தது. திரிஷா மகள் பாஜிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். சொந்தக்காரர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். சித்திமார் சிலர் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள், பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி. சின்ன வயசில் அவளுக்குச் சடை பின்னிவிட்ட கைகள் அவை.

ஸ்டீவன் மைக்கின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினான். பிறப்பு, ஞானஸ்நானம், காலேஜ், உத்தியோகம் எல்லாம் வந்தது. கடமை தவறாத அதிகாரி, ஜெபவீரர், சிறந்த குடும்பத் தலைவர் என்று வந்தது. பாண்டியராஜன் வரவில்லை. வராது என்று தெரிந்ததுதான். கடைசியில், "அன்னாருக்கு வினோத்ராஜ் என்ற ஒரே மகனைக் கர்த்தர் ஈவாகக் கொடுத்தார்," என்று வாசித்தான். பெஞ்சுகளில் தலைகள் லேசாகத் திரும்பிக்கொண்டன.

சொர்ணலதா தலைமாட்டிலிருந்து எழுந்தாள். மயக்கம் வருகிறது போல என்று நினைத்து யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நடுவழியாக நடந்து வெளியே போனாள். அந்தச் சபையில் எந்தப் பெண்ணும் புருஷன் பெட்டியை விட்டு அப்படி எழுந்து போனதில்லை. ஸ்டீவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

அவள் வருவதைப் பார்த்ததும் திரிஷாவின் முகம் இறுகியது. "என்ன, இங்கனயும் நிக்கக் கூடாதுன்னு சொல்லி விட்டாகளா?"

"யாரும் சொல்லி விடல. உள்ள வா."

"அவுக கூப்பிடலையே."

"கூப்பிடல. இனி கூப்பிடவும் போறதில்ல. நான் கூப்பிடுறேன்."

"இத்தனை வருஷம் எங்க போயிருந்தே? எனக்கு வயித்துல கத்தி வச்சு பிள்ளையை எடுத்தாங்க. மாமியாதான் என் துணியை அலசுனாக. ஒரு போன் போட்டியா நீ?"

"பயந்து கெடந்தேன்டி," என்றாள் சொர்ணலதா. "உங்கப்பா அடிப்பாகன்னா பயந்தேன்? அடிச்சிருந்தா உன்கூட வந்திருப்பேன். அவுக முகத்தைத் திருப்பிக்கிட்டா எனக்கு வேற கதி இல்லைன்னு பயந்தேன். அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் காரணமில்ல."

திரிஷா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரியாசுதீன் வண்டியருகிலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். சொர்ணலதா தனியாகவே திரும்பி உள்ளே போனாள். நேரே ஸ்டீவனிடம் போய் மைக்கைப் பிடித்தாள்.

"மதினி, வேணாம். அண்ணன் ஆத்துமா…"

"தள்ளுங்க தம்பி." மைக்கில் அவள் மூச்சு சத்தம் கேட்டது. "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பிள்ளைக. மூத்தவ திரிஷா. மருமகன் ரியாசுதீன், உத்தமபாளையம். பேத்தி பாஜிலா. இது விட்டுப்போச்சு."

முன் பெஞ்சில் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னால் இரண்டு மூன்று பேர் போனார்கள். யாரோ "இதெல்லாம் அடக்க ஆராதனையில பேசுற பேச்சா?" என்றார்கள். வினோத்ராஜ் மட்டும் அன்றைக்குத் தரையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தான். எல்லாரும் அவன் பார்த்த பக்கம் திரும்பினார்கள்.

வாசலில் திரிஷா நின்றுகொண்டிருந்தாள். அம்மா பின்னாலேயே வந்திருக்கிறாள். அழவில்லை. கண் ரெண்டும் எரிந்துகொண்டிருந்தது.

"பேரை வாசிச்சுட்டா ஆச்சாம்மா?" என்றாள். ஆலயம் முழுக்கக் கேட்டது. "என் வீடு எந்தத் தெருவுலன்னு தெரியுமா உனக்கு?"

மைக்கை அணைக்க ஸ்டீவன் கையை நீட்டினான். சொர்ணலதா அவன் கையைத் தட்டிவிட்டாள். பக்கத்து ஊர். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம் ஆகாது. கோர்ட்டுத் தெருவா, பள்ளிவாசல் தெருவா, மாடியா, ஓட்டு வீடா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"தெரியாது," என்றாள் மைக்கிலேயே.

போதகர் அவசர அவசரமாக ஒரு ஞானப்பாட்டின் நம்பரைச் சொன்னார். பாதிப் பேர் பாடினார்கள். மீதிப் பேருக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். வினோத்ராஜ் அக்காவுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றான். திரிஷா கிட்டே வந்து குழிக்குள் பார்த்தாள், மண்ணை எடுக்கவில்லை. அவளை அதற்காக யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. குழியை மூடி முடித்ததும் கூட்டம் கலைந்தது. ஸ்டீவன் கார்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மதினிக்காக நின்றான். சொர்ணலதா அந்தக் காரைத் தாண்டிப் போய், குட்டியானையின் முன்சீட்டுக் கதவைத் திறந்தாள். ஏறுவதற்குப் படி உயரமாக இருந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறி உட்கார்ந்தாள்.

ஸ்டீவன் ஓடி வந்தான். "மதினி, வீட்டுல ஜெபம் இருக்கு. ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். அடக்கம் பண்ணுன அன்னைக்கு நீங்க வேற வீட்டுக்குப் போறதா? அண்ணனுக்கு எவ்வளவு அசிங்கம்!"

"ஜெபத்தை நீங்களே நடத்துங்க தம்பி. உங்களுக்குத்தான் நல்லா வருமே."

திரிஷா வண்டியருகே வந்து நின்றாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "முன்னால ஒரு ஆளுக்குத்தான் எடம்," என்றாள். குரலில் கொஞ்சமும் இரக்கம் இல்லை. பிறகு பாஜிலாவைத் தூக்கி அம்மா மடியில் பொத்தென்று வைத்துவிட்டு, பின்னால் மோட்டார் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பிள்ளை புது ஆளைக் கண்டு நெளிந்தது. சொர்ணலதா அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டாள்.

ரியாசுதீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தயங்கினார். "எங்க மாமி போகணும்?"

"உங்க வீட்டுக்குத்தான்," என்றாள் சொர்ணலதா. "எனக்கு வழி தெரியாது மாப்பிள்ளை. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

ரியாசுதீன் வண்டியை எடுத்தார்.